மஞ்சள் எங்கே நிற்க வேண்டும்?

2011-ஆம் ஆண்டில் புணே பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று, சர்க்கரை நோய்க்கு நம் நாட்டில் வழிவழியாகக் கொடுத்துவரும் 17 மூலிகைகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. சுதா பொன்னுசாமி, ஸ்மிதா ஜிஞ்சர்டே, ஷோபா பார்கவா, அமீதா ரவிக்குமார் ஆகியோர் அந்தக் குழுவினர். மூலிகையை உலர்த்திப் பொடித்து, ஒரு கரைப்பானில் ஊறவைத்து வடித்து, மிஞ்சிய சக்கையை அடுத்த கரைப்பானில் போட்டு மறுபடி வடித்து, இப்படிப் படிப்படியாகச் சாறு எடுத்தார்கள். மெழுகும் எண்ணெயும் ஒன்றில் இறங்கும், நிறப்பொருள்கள் இன்னொன்றில், சர்க்கரையும் உப்பும் தண்ணீரில். 17 செடிகளிலிருந்து 126 சாறுகள் கிடைத்தன. அத்தனை சாறுகளிடமும் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: அமைலேஸ் என்ற நொதியை நீ தடுப்பாயா?

நாம் சாப்பிடும் சோற்றிலும் சப்பாத்தியிலும் மராட்டியர்களின் பாக்ரியிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோத்துக்கொண்டு நிற்பதே மாவுச்சத்து. அந்த நீளத்தில் அதனால் குடல் சுவரைக் கடக்க முடியாது. உமிழ்நீரிலும் கணைய நீரிலும் வரும் அமைலேஸ் அதை வெட்டிச் சிறு துண்டுகளாக்குகிறது. சிறுகுடல் சுவரில் இருக்கும் குளுக்கோசிடேஸ் நொதிகள் அந்தத் துண்டுகளை ஒற்றைக் குளுக்கோஸாக உடைக்கின்றன. அதன் பிறகுதான் சர்க்கரை இரத்தத்தில் ஏறுகிறது. இந்த வெட்டும் வேலையைத் தாமதப்படுத்தினால், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் கிடுகிடுவென்று உயரும் சர்க்கரை நிதானமாக ஏறும். அகார்போஸ் என்ற மாத்திரை இந்த வழியில்தான் வேலை செய்கிறது. அது ஆக்டினோபிளேன்ஸ் என்ற பாக்டீரியத்திடமிருந்து கிடைத்தது. அதன் தொல்லையும் தெரிந்ததே: செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் புளித்து, வயிறு உப்பும், வாயு பிரியும். பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். அதனால்தான் அதே வேலையை இன்னும் இதமாகச் செய்யும் ஒன்றைச் செடிகளில் தேடுகிறார்கள்.

இந்த வகைச் சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. குழாயில் கொஞ்சம் மாவுக்கரைசல், பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த அமைலேஸ், அளந்த சாறு. மாவு உடைந்தால், சேர்க்கும் வினைப்பொருள் மஞ்சளிலிருந்து செம்பழுப்பாக மாறும். உடையாவிட்டால் நிறம் மாறாது. புணே குழுவின் 126 சாறுகளில் ஏறத்தாழ நூறு சாறுகள் எதையும் தடுக்கவில்லை. சில ஓரளவு தடுத்தன. வலுவாகத் தடுத்தவை மிகச் சில சாறுகளே.

அந்த நூறு சாறுகளையும் பயனற்றவை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கேட்ட கேள்வி அமைலேஸைப் பற்றியது மட்டுமே. கணையத்தைத் தூண்டியோ, தசையைக் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளச் செய்தோ சர்க்கரையைக் குறைக்கும் செடி இந்தக் குழாயில் பேசாமல்தான் இருக்கும். ‘இந்த மூலிகை சர்க்கரைக்கு நல்லது’ என்று மொத்தமாகச் சொல்வதற்கும், ‘இந்தச் செடியின் இந்தப் பாகத்தை இந்தக் கரைப்பானில் எடுத்தால் இந்த நொதி இவ்வளவு தடைபடுகிறது’ என்று சொல்வதற்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. இரண்டாவது வகை வாக்கியத்தைத்தான் மேற்கொண்டு சோதிக்க முடியும். புணே குழு அதைத்தான் செய்தது.

மறு ஆண்டே அவர்கள் மஞ்சளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு ஈரோடு எப்படியோ மகாராஷ்டிரத்துக்கு சாங்லி அப்படி. மஞ்சள் அங்கே கைக்கெட்டும் பொருள். இந்த முறை பன்றியின் நொதிக்குப் பதில் மனிதக் கணைய அமைலேஸ். மஞ்சள் கிழங்குச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டே போய், தடுக்கும் வேலையைச் செய்யும் மூலக்கூறைத் தனியே பிடித்தார்கள். எல்லோரும் எதிர்பார்க்கக்கூடிய குர்குமின் அல்ல அது. அதன் உறவான பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின். கடையில் ‘குர்குமின்’ என்று விற்கும் பொடியில் சுமார் 77 சதவீதம் குர்குமின், 17 சதவீதம் டிமெத்தாக்சிகுர்குமின், 3 சதவீதம்தான் இந்த மூன்றாவது. எண்ணிக்கையில் கடைசியாக நிற்பது இந்த நொதியிடம் முன்னால் நின்றது. நொதியின் வேலையைப் பாதியாக்க 23 மைக்ரோமோலார் செறிவு போதுமாக இருந்தது. லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் என்று கணக்கு வருகிறது.

லிட்டருக்கு 7 மில்லிகிராம்தானே, குழம்பில் போடும் மஞ்சளிலேயே கிடைத்துவிடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேளைச் சாப்பாட்டில் தாராளமாக இரண்டரை கிராம் மஞ்சள்தூள் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் குர்குமின் வகைகள் எல்லாம் சேர்ந்து 4 சதவீதம், அதாவது 100 மில்லிகிராம். நமக்கு வேண்டிய மூலக்கூறு அதில் 3 மில்லிகிராம். நல்ல ரகமாக இருந்தால் சில மில்லிகிராம் கூடலாம். இதுவும் தண்ணீரில் ஏறத்தாழ கரையவே கரையாது. ஆய்வகத்தில் டைமெத்தில் சல்ஃபாக்சைடு போன்ற கரைப்பானில் கரைத்து விடுவார்கள். குடலில் அந்த வசதி இல்லை. குழம்பு மஞ்சள் உணவு, மருந்தல்ல. மருந்தாக வேண்டுமென்றால் குறிப்பிட்ட பகுதியைப் பிரித்து, செறிவாக்கி, சாப்பாட்டோடு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் புணே கண்டுபிடிப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. அமைலேஸ் வேலை செய்யும் இடம் குடலின் உட்குழி. அதைத் தடுக்கும் பொருள் இரத்தத்துக்குள் போகவே வேண்டாம். குடலுக்குள் நின்று, வேலையை முடித்து, மலத்தோடு வெளியேறினால் போதும். குர்குமின் வகைகள் உடலில் ஏறுவதே இல்லை என்பது மருந்தியலாளர்களின் நெடுநாள் புலம்பல். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அந்தக் குறையே நிறையாகிறது. இரத்தத்தில் ஏறாத பொருள் கல்லீரலைப் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை.

கல்லீரலை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. குடலிலிருந்து உறிஞ்சப்படும் சர்க்கரை, மருந்து, செடிச் சாறு எல்லாம் வாயிற்சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகின்றன. உணவு வேளையில் வரும் குளுக்கோஸில் ஒரு பங்கைக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம் இருக்கும். இரவில் நாம் தூங்கும்போது மூளைக்குச் சர்க்கரை குறையாமல் அதை அவிழ்த்து விடுவதும், புதிதாகக் குளுக்கோஸ் செய்து அனுப்புவதும் கல்லீரலே. ‘போதும், நிறுத்து’ என்று அதற்குச் சொல்வது இன்சுலின். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் கல்லீரல் அந்தச் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை. இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை மிதமிஞ்சி இருக்கும்போதும் மேலும் மேலும் கொட்டுகிறது. ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை எப்படி 160 என்று கேட்கிறவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. உலகில் மிக அதிகமாக எழுதித்தரப்படும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் முதன்மையாக அடக்குவது கல்லீரலின் இந்த உற்பத்தியைத்தான். ஐரோப்பாவில் கலேகா அஃபிஸினாலிஸ் என்ற செடியில் இருக்கும் கலெகின் என்ற பொருளின் வழியில் வந்தது அது. கலெகின் அப்படியே கொடுக்க முடியாத அளவு நச்சு. அதன் உறவு மூலக்கூறான மெட்ஃபார்மினை 1922-இல் டப்ளினில் செய்தார்கள். 1957-இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். செடியிலிருந்து மாத்திரைக்கு வந்த பாதையில் நச்சைக் கழிப்பதுதான் பெரும் பாடாக இருந்தது.

கல்லீரலும் சர்க்கரையும் நம்மவர்களிடம் ஏன் இவ்வளவு பிணைந்திருக்கின்றன என்பதற்கான முக்கியமான ஆய்வும் புணேயில் நடந்ததுதான். அங்குள்ள கே.ஈ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993-இல் புணேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்த புணேக் குழந்தைகள், தசையிலும் வயிற்று உறுப்புகளிலும்தான் மிகவும் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றம், உள்ளே கொழுப்பு. 2004-இல் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் படத்தையே லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. அளவு ஒன்றே: 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாக இருக்கிறவருக்கும் சர்க்கரையும் கொழுப்பேறிய கல்லீரலும் வருவது நம் ஊரில் அதனால்தான் வியப்பில்லை. சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இவர்களில் பலர் ஏற்கெனவே கொழுப்பேறிய கல்லீரலோடு இருப்பவர்கள். நாட்டுமருந்துக் கடையில் சூரணம் வாங்குகிறவரின் கல்லீரல் பழுதில்லாமல் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு எதையும் கொடுத்துவிட முடியாது.

இனி, ‘சர்க்கரையைக் குறைக்கும், கல்லீரலையும் காக்கும்’ என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் செடிச் சாறுகளைப் பார்ப்போம். இந்திய ஆய்விதழ்களில் இப்படிப்பட்ட கட்டுரைகள் கொட்டிக்கிடக்கின்றன. பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுபோலவே இருக்கும். எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போடுவார்கள். மண் நுண்ணுயிரி ஒன்று சுரக்கும் பொருள் அது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் சுவரில் குளுட்-2 என்ற குளுக்கோஸ் வாசல் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோசோடோசின் அதன் வழியே நுழைந்து செல்லைக் கொல்கிறது. எலிக்குச் சர்க்கரை வருகிறது. பிறகு சாறு கொடுக்கிறார்கள். சர்க்கரை குறைகிறது, கல்லீரல் காயத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதிகளின் உயர்ந்திருந்த அளவுகளும் இரத்தத்தில் இறங்குகின்றன. உடனே கட்டுரையின் தலைப்பில் இரண்டு பெருமைகள் சேர்ந்துவிடுகின்றன.

இதில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. அதே குளுட்-2 வாசல் கல்லீரல் செல்களிலும் உண்டு. ஸ்ட்ரெப்டோசோடோசின் கல்லீரலையும் நேரடியாகக் காயப்படுத்துகிறது. ஆக அந்த எலியின் கல்லீரல் கெட்டது சர்க்கரையால் பாதி, ஊசியால் பாதி. ஊசியின் காயம் நாளாக ஆகத் தானே ஆறக்கூடியது. சாறு ஆற்றியது எது, தானே ஆறியது எது, சர்க்கரை குறைந்ததால் சீரானது எது என்று பிரித்துக் காட்டாத ஆய்வை வைத்துக்கொண்டு ‘கல்லீரல் காப்பான்’ என்று பட்டம் கட்டுவது தவறு. கல்லீரலுக்கென்றே செய்யும் சோதனைகளிலும் இதே போன்ற பொறி உண்டு. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சை எலிக்குக் கொடுப்பார்கள். அது தன்னளவில் அவ்வளவு தீங்கில்லை. கல்லீரலின் நொதி ஒன்று அதை உடைத்த பிறகே கொடிய துகளாகிறது. பாராசிட்டமாலும் அளவு மீறினால் அப்படித்தான். செடிச் சாற்றை நச்சுக்கு முன்பாகவே பல நாள் கொடுத்துவைத்தால், அது அந்த நொதியை முடக்கியிருக்கலாம். நச்சு உருவாகவே இல்லை; கல்லீரல் பிழைத்தது. இது சிகிச்சை அல்ல. காமாலை வந்து மருத்துவரிடம் ஓடும் மனிதர் நச்சு வேலை செய்த பிறகுதான் வருகிறார்.

நன்றாகச் செய்த எலி ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்குப் புணேயிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2011-இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வேம்பையும் காகிதப்பூச் செடியையும் சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளிடம் 21 நாள் சோதித்தார்கள். வேம்பின் குளோரோஃபார்ம் சாறும் காகிதப்பூவின் நீர்ச் சாறும் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் சேர்வதைக் கூட்டின. குடலின் குளுக்கோசிடேஸ் வேலை குறைந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் மீண்டும் தென்பட்டன. கல்லீரல் சர்க்கரையைச் சேமிக்கும் வேலைக்குத் திரும்பியதா என்று அளந்தார்கள். இரத்தத்தில் இரண்டு நொதி அளவை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளவில்லை. இருந்தும் இது சுண்டெலிதான். சுண்டெலிக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுத்த அளவை மனிதருக்கு மாற்ற 12.3-ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 400 மில்லிகிராம் கொடுத்த ஆய்வு என்றால், 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம் உலர்ந்த சாறு. பத்துக்கு ஒரு பங்கு சாறு கிடைக்கும் என்று கொண்டால் 20 கிராம் காய்ந்த இலை. இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டு வேப்பிலைக் கொழுந்தை மென்றுவிட்டு எலியின் பலனை எதிர்பார்க்கிறார்கள். அல்லது குளோரோஃபார்ம் சாற்றின் பெருமையைக் கசாயத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

மனிதரிடம் வரும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. நம் கீழாநெல்லியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க் ஆகியோரின் குழு 1988-இல் லான்செட்டில் ஒரு முடிவை வெளியிட்டது. வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்தற்ற பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்து தாய்லாந்தில் செய்தார்கள், பலனில்லை. நியூசிலாந்தில் செய்தார்கள், பலனில்லை. செடி விளைந்த மண்ணா, எந்த இனம் என்பதா, நோயாளிகளின் வேறுபாடா என்று பல விளக்கங்கள் வந்தன. எதுவாக இருந்தாலும், ஓர் இடத்தில் ஒரு முறை கிடைத்த பலனை நம்பிக் கல்லீரல் நோயாளி தன் மருந்தை நிறுத்தக்கூடாது. இன்று ஹெபடைடிஸ்-பிக்கு நல்ல தடுப்பூசியும் வைரஸை அடக்கும் மாத்திரைகளும் இருக்கும்போது, கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டுக் காத்திருந்து கல்லீரல் சுருங்கிய பிறகு மருத்துவமனைக்கு வருவது நெஞ்சை வலிக்கச் செய்கிறது.

இன்னொரு வழியும் உண்டு: மருத்துவ மரபில் மனிதர்கள் ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்தை முதலில் நோயாளிகளிடம் ஒழுங்காகக் கவனித்து, பிறகு ஆய்வகத்துக்குப் போவது. மும்பையின் அசோக் வைத்யாவும் புணேயின் பூஷண் பட்வர்தனும் வலியுறுத்திவந்த வழி இது. வைத்யாவின் குழு, காமாலைக்குக் கொடுக்கும் ஆரோக்கியவர்த்தினி என்ற ஆயுர்வேத மருந்தைச் சோதித்து, அதிலுள்ள கடுகுரோகிணியைத் தனியாக எடுத்து 1996-இல் முடிவு சொன்னது. வைரஸ் காமாலை நோயாளிகளிடம் காமாலையின் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபின் 2.5 மில்லிகிராமுக்கு இறங்க, வெற்றுப் பொடி எடுத்தவர்களுக்கு 75 நாளுக்கு மேல் ஆனது. கடுகுரோகிணி எடுத்தவர்களுக்குச் சுமார் 27 நாள். சிறிய ஆய்வுதான், 33 பேர். பெரிய அளவில் மறுபடியும் செய்யத் தகுதியுள்ளது. இமயமலையில் வளரும் அந்தச் செடியோ அளவின்றித் தோண்டப்பட்டு, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

இப்போது கல்லீரலின் மறுபக்கம். சீந்தில் கொடியை மராட்டியில் குள்வேல் என்பார்கள். சர்க்கரைக்கும் தருவார்கள், கல்லீரலுக்கும் நல்லது என்பார்கள். 2020-இல் கொரோனா அச்சத்தில் எதிர்ப்பாற்றலுக்காக நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு சீந்திலைக் காய்ச்சிக் குடித்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் மும்பையின் கல்லீரல் மருத்துவர் ஆபா நாக்ரல் முதலானோரிடம் ஆறு பேர் கல்லீரல் அழற்சியோடு வந்தார்கள். ஆறு பேரும் சீந்தில் எடுத்தவர்கள். உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் வகை அழற்சியின் அடையாளங்கள் அவர்களிடம் இருந்தன. 2021-இல் இந்த அறிக்கை வந்ததும் ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. செடியைச் சரியாக அடையாளம் காணவில்லை, அது நச்சுத்தன்மையுள்ள வேறு சீந்தில் இனமாக இருக்கலாம் என்றது. 2022-இல் நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டன. சீந்தில் புதிதாக அழற்சியைக் கிளப்பலாம், உள்ளே உறங்கிக்கிடந்த தன்னெதிர்ப்பு நோயை எழுப்பவும் செய்யலாம் என்பது அவர்கள் முடிவு.

செடியின் இனம் பற்றிய அமைச்சகத்தின் கேள்வி நியாயமானது. ஆனால் அது நோயாளியைக் காப்பாற்றும் கேள்வியாக இருக்க வேண்டும், நோயாளியின் வாயை அடைக்கும் கேள்வியாக அல்ல. மூலிகை மருத்துவத்தின் மேல் பற்றுள்ளவர்கள்தான் இந்த 43 பேரைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சக்தி ஒரு செடிக்கு உண்டு என்று நாம் நம்பினால், தவறான உடலில் அது தவறாகத் தூண்டக்கூடும் என்பதையும் ஏற்றுத்தான் ஆகவேண்டும். ‘பலன் உண்டு, பக்கவிளைவு கிடையாது’ என்ற விளம்பர வாக்கியம் அந்தச் செடிக்கே செய்யும் அவமதிப்பு.

மஞ்சளுக்கும் இதுவே நேர்ந்துகொண்டிருக்கிறது. குர்குமின் இரத்தத்தில் ஏறுவதில்லை என்ற புலம்பலுக்கு 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் விடை கிடைத்தது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பெரின், அதாவது மிளகின் காரப்பொருள், சேர்த்துக் கொடுத்தபோது மனிதர்களின் இரத்தத்தில் குர்குமின் பல மடங்கு ஏறியது. 2,000 சதவீதம் என்று அந்தக் கட்டுரை கணக்கிட்டது. அதன் பிறகு உலகெங்கும் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகள் வந்துவிட்டன. பிப்பெரின் இதை எப்படிச் சாதிக்கிறது? வேண்டாத பொருள்களைக் கரையக்கூடியதாக மாற்றி வெளியேற்றுவது குடல் சுவரும் கல்லீரலும் செய்யும் காவல் வேலை. பிப்பெரின் அந்தக் காவலை மட்டுப்படுத்துகிறது. குர்குமினுக்குத் திறக்கும் கதவு, அதே ஆள் சாப்பிடும் வேறு மாத்திரைகளுக்கும் திறக்கலாம்.

அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் காயத்தைப் பதிவுசெய்யும் வலையமைப்பு, 2011 முதல் 2022 வரை மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் காயம் அடைந்த 10 பேரைப் பற்றி எழுதியிருக்கிறது. ஒருவர் இறந்தார். மாத்திரைகளைச் சோதித்துப் பார்த்ததில் சிலவற்றில் மிளகுச் சத்தும் இருந்தது. பத்துப் பேரில் ஏழு பேர் எச்.எல்.ஏ-பி*35:01 என்ற மரபணு வகையைக் கொண்டவர்கள். பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களிடமும் அதிகம் தென்பட்ட அதே வகை. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரிக்கை விடுத்தது. கோடிக்கணக்கானோர் மஞ்சள் மாத்திரை சாப்பிடும்போது பத்துப் பேர் மிகக் குறைவுதான். குழம்பு மஞ்சளைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கல்லீரலைக் காக்கும் என்று சொல்லி விற்கும் பொருள், கல்லீரலின் காவலைத் தளர்த்தி உள்ளே தள்ளப்படுகிறது என்பதை வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

இரத்தத்தில் ஏறும் குர்குமினுக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2012-இல் தாய்லாந்தில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 240 பேரிடம் ஒன்பது மாதம் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16.4 சதவீதம் பேருக்கு நோய் வந்தது; நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் குர்குமின் வகைகள் எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. இவ்வளவு பெரிய வேறுபாடு வந்தால் மற்ற ஊர்களிலும் செய்து பார்ப்பதுதான் முறை. கீழாநெல்லி கற்றுத்தந்தது அதை.

எனக்குப் புணேயின் பாதைதான் நம்பிக்கை தருகிறது. குடலுக்குள்ளேயே வேலை முடியும் மூலக்கூறு. இரத்தத்தில் ஏற்றும் தந்திரம் தேவையில்லை, மிளகு தேவையில்லை. அதை மனிதரிடம் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு வடிவம் கண்முன்னே இருக்கிறது. சாங்லியிலோ ஈரோட்டிலோ ஒரே வயலின் கிழங்கு. ஒவ்வொரு தொகுதியிலும் அந்த மூன்று குர்குமின்களும் எவ்வளவு என்ற பட்டியல். ஈயம் கலந்த சாயம் பூசப்படவில்லை என்ற சான்று. அகார்போஸைக் கொடுப்பதுபோல் முதல் கவளத்தோடு மாத்திரை, அளந்த சோறு, அடுத்த மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை சர்க்கரை. ஒரு பகுதியினருக்கு அகார்போஸ், ஒரு பகுதியினருக்கு வெற்று மாத்திரை. ஏற்கெனவே இன்சுலினைத் தூண்டும் மாத்திரைகள் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறதா என்ற தனிக் கவனம். தொடங்கும் நாளிலும், ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும் கல்லீரல் பரிசோதனை. அகார்போஸ் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே மாறாமல் இரத்தத்தில் சேர்கிறது. அப்படியிருந்தும் கூடுதல் அளவில் சிலருக்கு எஸ்.ஜி.பி.டி. உயர்ந்திருக்கிறது. குடலோடு நின்றுவிடும் என்று நாம் நினைக்கும் மஞ்சள் மூலக்கூறுக்கும் இந்தப் பரிசோதனையிலிருந்து விலக்குக் கொடுக்க முடியாது.